டிரம்முக்குத் திரும்பிய பிள்ளை

உள்ளே வாங்க. வந்ததும் அந்தக் கதவைச் சாத்திடுங்க. தாழ்ப்பாளும் போட்டுடுங்க, மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே உள்ளது கொஞ்சம் இறுக்கம், காலால் ஒரு தள்ளு தள்ளினால் விழும். ஆங், அப்படித்தான்.

பயப்படாதீங்க. திருட்டுப் பயமெல்லாம் இந்தத் தெருவில் கிடையாது. எங்கள் சபை ஆட்கள் வருவார்கள், அதற்குத்தான்.

உட்காருங்க. மாடி வீட்டுச் சாவி ஹவுஸ் ஓனரிடம் இருக்கிறது. அவர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார், பந்தியில் பாயசம் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார். உங்க வீட்டுக்காரர் சாமான் லாரியோடு தாம்பரத்திலிருந்து வந்து சேர எப்படியும் மத்தியானம் தாண்டும். அதுவரைக்கும் வெயிலில் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பீங்களா? ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு கண்டிஷன். வெளியே யாராவது கேட்டைத் தட்டி "பியூலா, பியூலா" என்று கூப்பிட்டால் நீங்க பதில் சொல்லக் கூடாது. பியூலா நான்தான். நான் வீட்டில் இல்லை.

குரலை ஏன் தாழ்த்துறீங்க? சத்தமாகவே பேசலாம். கட்டிலில் தூங்குகிறானே, யோதாம், பத்து மாதம் ஆகிறது, அவன் எதற்கும் எழும்ப மாட்டான். குக்கர் விசில், காலிங் பெல், மீன்காரர் சைக்கிள் ஹாரன், ஒன்றுக்கும் அசைய மாட்டான். மற்ற பிள்ளைகள் ஈ பறந்தால் எழும்பி அழும் என்று சொல்கிறார்கள். இவன் அவ்வளவு குணமான பிள்ளை.

வந்ததும் வராததுமாகக் கேட்டீங்களே, பக்கத்தில் கோயில் எங்கே இருக்கிறது என்று. உங்க கழுத்துச் சிலுவையைப் பார்த்தேன். இருக்கிறது. தெரு முனையில் திரும்பினால் கோபுரம் தெரியும். ஆனால் நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்க. ஞாயிற்றுக்கிழமை போங்க. கடைசி பெஞ்சில் உட்காருங்க. கடைசி ஆசீர்வாதத்துக்கு ஐயர் கையைத் தூக்கும்போதே செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்க. ஐயர் என்றால் எங்கள் போதகர்தான், நீங்க மெட்ராஸ் பக்கம் பாஸ்டர் என்பீங்க, இங்கே ஐயர். யாராவது பெயர் கேட்டால் சொல்லாதீங்க. பெயர் சொன்னால் ஊர் கேட்பார்கள். ஊர் சொன்னால் அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு சித்தப்பா இருப்பார். அதோடு முடிந்தது. மறுநாள் காலையில் உங்க ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னம்மா, மாவு புளிச்சுப்போய்க் கிடக்கு" என்று ஒரு அம்மா நிற்பார்கள்.

உங்க பேரென்ன? ஷீபாவா. நல்ல பேர். தாம்பரத்தில் எங்கே? என் வீட்டுக்காரர் செல்வினுடைய அத்தை ஒருத்தர் அங்கேதான் இருந்தார்கள்.

என்னை விசுவாசம் இல்லாதவள் என்று நினைத்துவிடாதீங்க. குவயரில் ஆல்டோ பாடுகிறவள் நான். வயிற்றில் இவனை வைத்துக்கொண்டு பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனை முழுக்க நின்று பாடியவள். நாங்கள் சி.எஸ்.ஐ.தான், பள்ளிக்கூடம் மட்டும் கான்வென்ட், தூத்துக்குடியில் சிஸ்டர்மாரிடம். அங்கே எங்கள் மதர் சொல்வார், கைக்குட்டையும் கவலையும் மடித்து உள்ளே வைக்க வேண்டியவை என்று. அந்த வளர்ப்பு எனக்கு. இந்தச் சபையில் எல்லாரும் இரண்டையும் கொடியில் காயப்போடுகிறவர்கள். எப்படி ஒத்துப்போகும், சொல்லுங்க?

செல்வின் கப்பலில் வேலை. இப்போது எந்தக் கடலில் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நெட் கிடைத்தால் கூப்பிடுவார். "நல்லா இருக்கோம்" என்று சொல்வேன். நடுக்கடலில் நிற்கிறவரிடம் வேறு என்ன சொல்ல முடியும்? எனக்கு அம்மா இல்லை. மாமியார் கோயம்புத்தூரில் மூத்த மகன் வீட்டில், முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. இதைத் தெரிந்துகொண்டதுதான் தாமதம், நான் பிள்ளை பெற்று வந்ததும் சபை இந்த வீட்டைப் பிடித்துக்கொண்டது. ஜாய்ஸ் அக்கா பால்சுறாப் புட்டு கொண்டு வந்தார்கள், தாய்ப்பால் ஊற. அதே நேரத்தில் கனகபாய் டீச்சரும் பால்சுறாப் புட்டு கொண்டு வந்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு டீச்சர் செக்ரட்டரி, ஜாய்ஸ் அக்கா பொருளாளர். ஒருத்தர் புட்டை ஒருத்தர் மோந்து பார்த்தார்கள். இரண்டு தட்டையும் நான் காலி செய்ய வேண்டியதாயிற்று. நாற்பது நாள் நான் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. குளிப்பாட்ட ஒருத்தர், துணி அலச ஒருத்தர், இரவு துணைக்குப் படுக்க ஒருத்தர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? ஒரு மனுஷி தனியாக உட்கார்ந்து அழுவதற்குக்கூட அந்த நாற்பது நாளில் எனக்கு இடைவெளி கிடைக்கவில்லை.

காபி போடட்டுமா? வேண்டாமா. வாசனையே வேண்டாமா.

ஓ.

இல்லை, இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற ஆள் நான் இல்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டுத் தருகிறேன், அது இறங்கும். எனக்கு மூன்றாம் மாதம் அது ஒன்றுதான் இறங்கியது. உங்களுக்கும் மூன்றுதானா? உங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியுமா? நல்லது. ஸ்கேன் பார்க்கிற வரைக்கும் வெளியே சொல்லாதீங்க. என்னிடம் சொன்னது கிணற்றில் போட்ட கல். நீங்க பயப்படவே வேண்டாம்.

எதில் விட்டேன்? சபை. நான் அங்கே போவதை நிறுத்தியதற்குக் காரணம் கனகபாய் டீச்சர்தான். என் மகன் பெறுகிற ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்க வேண்டியவர். நானேதான் கேட்டேன். இப்போது எந்த முகத்தோடு நிற்பார் என்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஒரு நாள் சாயங்காலம் டீச்சரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், "இவன் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான் டீச்சர், விளையாட்டுல அவ்வளவு மும்முரம்" என்று. அவ்வளவுதான். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். டீச்சர் சிரிக்கவில்லை. "ஜெபத்துல வச்சுக்கிடுவோம்" என்றார்கள். டீச்சரிடம் மட்டும்தான் சொன்னேன், வேறு ஒருத்தரிடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் பீடத்தில் நின்று, "நம் சபையைச் சேர்ந்த சகோதரி பியூலா செல்வினின் ஆண்குழந்தையினுடைய செவித்திறனுக்காக ஜெபிப்போமாக" என்கிறார். எனக்குக் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் நழுவிவிட்டது. முன் பெஞ்சில் காது என்று கிளம்பிய செய்தி, தூண் பக்கம் போனபோது காதும் வாயும் ஆயிற்று. செருப்புப் போடுகிற இடத்துக்கு வந்தபோது செல்வினுக்குத் தந்தி கொடுத்துக் கப்பலிலிருந்தே இறக்கிவிட்டார்கள். தந்தியெல்லாம் நின்று எவ்வளவு காலமாயிற்று. இவர்களுக்குத் துக்கம் வந்தால் தந்தியில்தான் வர வேண்டும்.

திங்கள்கிழமை சாயங்காலம் இந்த வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. ஆளாளுக்கு ஒரு சத்தம் கொண்டு வந்திருந்தார்கள். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோயில் மணியடிக்கிற தவசிக்கனி அண்ணாச்சி ஞாயிறு பள்ளிக் கைமணியைக் கொண்டு வந்திருந்தார். "நான் மணியடிச்சா மூணு தெரு எழும்பும், இந்தப் பய எழும்ப மாட்டானா" என்று பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஆட்டினார். குவயர் மாஸ்டர் ஜெயசீலன் ஒரு ஊதுகுழல் கொண்டு வந்து, பிள்ளைக்கு மேல் ஸ்தாயி எட்டாது, கீழ் ஸ்தாயி எட்டும் என்று விளக்கம் சொல்லி ஊதினார். ஜாய்ஸ் அக்கா புது எவர்சில்வர் தட்டும் கரண்டியும். தட்டின் மினுக்கத்தைப் பார்த்து யோதாம் சிரித்தான்.

"பாத்தியளா, கேட்டுச் சிரிக்கான்" என்றார் ஜாய்ஸ் அக்கா.

"தட்டைப் பாத்துச் சிரிக்கான்" என்றார் டீச்சர்.

"உங்க பேச்சுக்கு ஆமென் சொல்ல எனக்கு வாய் வரல டீச்சர்."

"வர வேண்டாம். கரண்டியைக் கீழ வையி."

கடைசியில் மாஸ்டர்தான் சொன்னார், "ஏலே, கேரல் டிரம்மைத் தூக்கிட்டு வாங்கலே" என்று. கிறிஸ்துமஸ் மாதம் வீடு வீடாகப் பாட்டுப் பாடிப் போகும்போது வாலிபர் சங்கத்தார் அடிக்கிற பெரிய டிரம். அதை வைக்க இங்கே இடம் ஏது? யோதாம் இந்த மரக்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கட்டில்மேலேயே வைத்தார்கள். மாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஓங்கி ஒன்று விட்டார். கட்டில் கால் நகர்ந்தது.

என் பிள்ளை திரும்பிப் பார்த்தான்.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களிடம் சொல்லத் தெரியவில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ நாளாக என் நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். எதற்கு என்று கேட்காதீங்க, சும்மா இருக்கும். அந்தக் கை சட்டென்று விட்டுவிட்டது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஜாய்ஸ் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், தட்டு இன்னும் கையில் இருந்தது, என் முதுகில் அழுந்தியது.

டீச்சர் மட்டும் எழுந்து வந்து, பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு போய் அதோ அந்த மூலையில் நாற்காலியில் மடிமேல் வைத்து உட்கார்ந்தார்கள். "மாஸ்டர், இன்னொருக்க அடிங்க." அடித்தார். யோதாம் டீச்சரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதில் இருந்தான். "இன்னொருக்க." கண்ணாடியை வாயில் வைத்துக் கடித்தான்.

"பிள்ளைக்கு டிரம் சலிச்சிட்டு டீச்சர்" என்றார் ஜாய்ஸ் அக்கா.

அதுதானே உண்மை? எந்தப் பிள்ளைக்குத்தான் சலிக்காது?

ஐயோ, பரவாயில்லை, விடுங்க. டம்ளர்தானே. எவர்சில்வர், உடையாது. உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, நான் எடுக்கிறேன், நீங்க குனியாதீங்க. என்ன சத்தம், இல்லையா? பாருங்க அவனை. இமைகூட ஆடவில்லை. சொன்னேனே, குணமான பிள்ளை.

அடுத்த ஞாயிறு நான் சாட்சி சொன்னேன். கான்வென்டில் பேச்சுப் போட்டியில் எப்போதும் முதல் பரிசு எனக்குத்தான். அத்தனை பேர் முன்னால் மைக் பிடித்து, தேவன் என் மகனுடைய செவியைத் திறந்தார் என்று சொன்னேன். ஆண்கள் பக்கம்கூடக் கைக்குட்டை எடுத்தார்கள். சபை மாத இதழில் அட்டையிலேயே போட்டோ. டிரம் பெரிதாக விழுந்திருந்தது, அதன் ஓரத்தில் யோதாமின் ஒரு கால்.

அதற்கப்புறம் டிரம்முக்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டுமே. வெல்வெட் துணி போட்டு, பீடத்துக்குப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டினார்கள். பேச்சு தாமதமாகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருத்தர் தன் இடது காதுக்காக வந்து நின்றார். மாஸ்டர் பயபக்தியாக அடித்தார். தாசில்தாருக்கு இப்போது வலது காதிலும் விசில் கேட்கிறதாம். தவசிக்கனி அண்ணாச்சிக்குத்தான் ஆறவில்லை. "மணி விதைச்ச விதையை டிரம் வந்து அறுத்துக்கிட்டுப் போயிட்டு" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மாஸ்டரும் அவரும் இன்றைக்குவரை முகம் பார்த்துப் பேசுவதில்லை. மாஸ்டர் பாட்டு முடிக்கும் முன்பே அண்ணாச்சி மணியடித்துவிடுகிறார்.

இதெல்லாம் எனக்கு வருத்தமில்லை. அவரவர் பக்தி. எனக்கு ஆறாதது டீச்சர் செய்ததுதான்.

ஒரு நாள் காலையில் தனியாக வந்தார்கள். கையில் ஒரு தகர டப்பா நிறைய முறுக்கு. யோதாம் கதவுக்கு முகம் காட்டாமல் உட்கார்ந்து கார் உருட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் அவன் பின்னால் போய் நின்று, டப்பா மூடியைக் கையிலிருந்து விட்டுவிட்டார்கள். வேண்டுமென்றேதான். தகரம், சிமென்ட் தரை. எனக்குப் பல் கூசியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. யோதாம் காரை அந்தப் பக்கம் உருட்டினான், இந்தப் பக்கம் உருட்டினான்.

டீச்சர் குனிந்து மூடியை எடுத்தார்கள். சேலைத் தலைப்பால் துடைத்தார்கள். டப்பாவை மூடினார்கள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒருத்தியை அவள் வீட்டிலேயே வைத்து இதைவிட அவமானப்படுத்த முடியுமா?

"ஏட்டி பியூலா" என்றார்கள் பிறகு. "பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில ஹியரிங் டெஸ்ட் எடுக்காவ. கூட்டிட்டுப் போவோம்."

"எதுக்கு டீச்சர்? சபையே ஸ்தோத்திரம் பண்ணி முடிச்சாச்சே."

"டிரம்முக்குத் திரும்புத பிள்ளைக்கு அம்மா கூப்பிடுதது கேக்க வேண்டாமா?"

பாருங்க, என்ன நாக்கு. நான் சொன்னேன், "டீச்சர், உங்களுக்கு விசுவாசம் இல்லை" என்று. முகத்துக்கு நேரே சொன்னேன். என் வளர்ப்புக்கு அது அதிகம்தான், ஆனாலும் சொன்னேன்.

"சரி, இல்லன்னே வச்சுக்க" என்றார்கள். "முறுக்கு மெதுவா இருக்கு, பிள்ளைக்கும் ஒரு துண்டு குடு. நான் வாரேன்."

அன்றைக்கு நிறுத்தினேன். விசுவாசம் இல்லாத ஒருத்தரோடு ஒரே பெஞ்சில் எப்படி உட்கார? இப்போது போனில் ஆராதனை பார்க்கிறேன். பெரிய பிரசங்கியார், பின்னால் கடல் அலை ஓடும். அருமையாக இருக்கிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்பதில்லை, கேட்கவும் முடியாது, பாருங்க. நற்கருணைக்கு ஒரு துண்டு ரொட்டியும் திராட்சை ஜூஸும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்து வைத்தேன். நடுவில் பற்பசை விளம்பரம் வந்தது. அது முடிவதற்குள் யோதாம் ரொட்டியைத் தின்றுவிட்டான். சிரித்துவிட்டேன். சிரித்து, யாரிடம் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தேன். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அமைதிதானே வேண்டும் மனுஷனுக்கு.

ஆனால் இவர்கள் விட்டால்தானே. நான் போகவில்லை என்றதும் சபை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஜாய்ஸ் அக்கா தலைமையில் அற்புதக் கட்சி. டீச்சர் தலைமையில் டெஸ்ட் கட்சி. இரண்டு கட்சியும் என் கேட்டில் குழம்பு வைத்துவிட்டுப் போகிறது. நேற்று அற்புதக் கட்சி சீலாக்கருவாடு, டெஸ்ட் கட்சி அவியல். நான் கதவைத் திறப்பதில்லை, அவர்கள் போன பிறகு எடுத்துக்கொள்வேன். பாத்திரம் கழுவி அதே இடத்தில் வைப்பேன். அது மரியாதை.

கடைசியில் ஐயர் ஒரு தீர்ப்புச் சொன்னார். ரொம்ப சாமர்த்தியசாலி, சின்ன வயசு. அற்புதம் நடந்தது உண்மை, அதை டாக்டர் வாயால் சொல்லக் கேட்டால் பிஷப் ஆபீஸ் பத்திரிகையிலும் போடலாம், ஆகவே டெஸ்ட் எடுப்பது விசுவாசத்துக்கு விரோதம் இல்லை என்றார். இரண்டு கட்சிக்கும் சம்மதம். ஒரு கட்சி அற்புதத்தை நிரூபிக்க வருகிறது, ஒரு கட்சி டெஸ்ட் எடுக்க வருகிறது, ஒரே வேனில். இன்றைக்குத்தான். டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று. என்னிடம் கேட்கவில்லை. கேட்டில் வைத்த அவியல் மூடிமேல் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது புரிகிறதா, தாழ்ப்பாள் எதற்கென்று?

நீங்களே சொல்லுங்க, ஷீபா. அங்கே போய், அந்த மெஷினில் பிள்ளையை உட்கார வைத்து, அவர்கள் வேறு ஏதாவது சொன்னால்? மைக் பிடித்துச் சாட்சி சொன்னவள் நான். தேவனுடைய நாமத்துக்கு அல்லவா கெட்ட பெயர்? நான் அதை நினைத்துத்தான் பயப்படுகிறேன். எனக்காக இல்லை.

இருங்க. வேன் சத்தம். பேசாதீங்க.

"பியூலா... ஏ பியூலா..."

இது ஜாய்ஸ் அக்கா. நகராதீங்க.

"வீட்ல இல்லையோ என்னவோ."

"இருக்கா. செருப்பு கிடக்கு."

இது டீச்சர். செருப்பு. செருப்பை உள்ளே எடுக்க மறந்துவிட்டேன், பாருங்க.

"இங்கன ஒரு பெட்டி இருக்கு டீச்சர். ஊருக்கு ஓடப் பாக்காளோ?"

உங்க பெட்டியையா வெளியே விட்டுட்டு வந்தீங்க? சரி, போகட்டும். இந்தத் திரையை லேசாக விலக்கினால் தெரியும்... எல்லாரும் வந்திருக்கிறார்கள். ஐயர் இருக்கிறார். ஜாய்ஸ் அக்கா தூக்குச்சட்டியோடு. அண்ணாச்சி, மாஸ்டர், இருவரும் வேனுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். டிரம்மும் வந்திருக்கிறது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டிருக்கிறார்கள். வெல்வெட் துணியோடு.

அண்ணாச்சி கைமணியை எடுக்கிறார். கேட்டுக்கு வெளியே நின்று அடிக்கப் போகிறார், பாருங்க. அடித்துவிட்டார். மூணு தெரு எழும்பும் என்று சொன்னது பொய்யில்லை. எனக்குக் காது அடைத்துவிட்டது.

நீங்க ஏன் அவனையே பார்க்கிறீங்க?

டம்ளர் விழுந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கீங்க. டீச்சர் பார்த்த மாதிரியே பார்க்கிறீங்க. தூங்குகிற பிள்ளையை அப்படிப் பார்க்கக் கூடாது. ஏதாவது சொல்லுங்க. நீங்களும் சொல்ல மாட்டீங்களா?

தினமும் நான்தான் பாடித் தூங்க வைக்கிறேன். தோளில் போட்டுக்கொண்டால் அவன் கையைக் கொண்டு வந்து என் கழுத்தில் வைப்பான். இங்கே, தொண்டைக் குழியில், உள்ளங்கையை விரித்து அழுத்தி வைப்பான். நான் பாடுகிற வரைக்கும் கை அங்கேயே இருக்கும். பாட்டை நிறுத்தினால் கண்ணைத் திறந்துவிடுவான். அப்போது நினைத்துக்கொள்வேன், கேட்காத பிள்ளைக்குப் பாட்டு நின்றது எப்படித் தெரியும் என்று. நினைத்துக்கொண்டு திரும்பவும் பாடுவேன். விடிய விடியக்கூடப் பாடியிருக்கிறேன். நேற்றைக்கு வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள் வெறுமனே முனகிப் பார்த்தேன். ராகம் இல்லை, சொல் இல்லை, எனக்கே காதில் விழாத அளவுக்கு. அதற்கும் தூங்கிவிட்டான்.

இந்தத் தாழ்ப்பாளைத் திறக்க எனக்குக் கை வரவில்லை, ஷீபா. நீங்க திறக்கிறீங்களா? இருங்க, முதலில் இவனை எழுப்பிக்கொள்கிறேன். கூப்பிட்டு எழுப்புவதில்லை, அது பழக்கமில்லை எனக்கு. கட்டில் பலகையில் இப்படி இரண்டு தட்டு. போதும். பாருங்க, கண்ணைத் திறந்துவிட்டான். என்னடா ராஜா. பைக்குள் துணி இருக்கிறது, பால்புட்டி அதோ அந்த மேஜையில். நீங்களும் வாங்க. சாவி வர இன்னும் நேரமாகும், லாரி வந்தால் விஷயத்தைச் சொல்லும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். அந்த ஆஸ்பத்திரியிலேயே பெரிய லேடி டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், உங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார். இல்லை, கஷ்டமே இல்லை. மேல் தாழ்ப்பாள் முதலில். கீழே உள்ளதை நான் காலால் தள்ளுகிறேன்.

"வாரேன், வாரேன், மணியை நிறுத்தச் சொல்லுங்க. டீச்சர், பிள்ளையை நீங்க பிடிங்க. மாஸ்டர், அந்த டிரம்மை இறக்கி என் வராண்டாவுல வச்சிருங்க. ஆமா, இறக்கத்தான் சொல்லுதேன். முன் சீட்டுல இன்னொரு ஆள் உட்காரணும். மாடிக்குப் புதுசா வந்திருக்காங்க, ஷீபான்னு பேரு, தாம்பரம். டீச்சர், இங்க கொஞ்சம் காதைக் குடுங்க..."

அட, முகத்தை ஏன் அப்படி வைக்கிறீங்க, ஷீபா? ஏறி உட்காருங்க, ஜன்னலை நல்லாத் திறந்துவிட்டுக்கோங்க. நான் யார்கிட்டயும் சொல்லவில்லை. டீச்சர்கிட்ட மட்டும்தான்.